இலவசக் கல்வியின் தந்தை கன்னங்கராவும் இன்று நாம் கொடுக்கும் விலையும்

க.பொ.த. உயர்தரப் பெறுபேறு வெளியாகும் நாட்களில் வடக்கு, கிழக்கில் பல வீடுகளில் மகிழ்ச்சியும் கவலையும் ஒன்றாகவே வந்து சேருகின்றன. வெட்டுப்புள்ளிக்கு மேலே வந்த பிள்ளையின் வீட்டில், தூரத்துப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினால் அறை வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் எங்கே போவது என்ற கவலை. சில புள்ளிகளால் தவறவிட்ட பிள்ளையின் வீட்டில், காணி உறுதியை ஈடுவைத்தாவது தனியார் நிறுவனத்தில் பட்டப்படிப்புக்குச் சேர்த்துவிடுவதா என்ற யோசனை. போரில் கணவனை இழந்து, மீள்குடியேறிய காணியில் தனியாகப் பிள்ளைகளை வளர்த்த தாய்மாருக்கு இந்தக் கேள்வி இன்னும் கனமானது. இவ்வளவு செலவழித்துப் படிப்பித்து என்ன பலன் என்று அவர்கள் கேட்டால், அதற்குச் சட்டென்று பதில் சொல்லிவிட முடியாது.

இந்தக் கேள்வி எமது காலத்தில் பிறந்ததல்ல. நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன்னர் தென்னிலங்கைக் கரையோரக் கிராமமொன்றில் ஒரு சிறுவனின் வீட்டிலும் இதே கேள்வி இருந்தது. அந்தச் சிறுவன் வளர்ந்து, நாட்டின் எந்தப் பிள்ளையும் பாடசாலைக் கட்டணத்துக்காகப் படிப்பை நிறுத்தக்கூடாது என்பதைச் சட்டமாக்கினார். அவர்தான் இலவசக் கல்வியின் தந்தை என அழைக்கப்படும் சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கரா.

அம்பலாங்கொடையிலிருந்து காலிக்கு

கிறிஸ்தோபர் வில்லியம் விஜேக்கோன் கன்னங்கரா 1884 ஒக்டோபர் 13 அன்று அம்பலாங்கொடைக்கு அருகிலுள்ள ரந்தோம்பை என்னும் கிராமத்தில் பிறந்தார். அம்பலாங்கொடையில் வெஸ்லியன் மிஷன் நடத்திய பாடசாலையில் படித்தார். அந்தப் பாடசாலையின் பரிசளிப்பு விழா ஒன்றுக்கு, காலி றிச்மண்ட் கல்லூரியின் அதிபர் ஜேம்ஸ் ஹோர்ன் டரல் வந்திருந்தார். ஒரே சிறுவன் திரும்பத் திரும்ப மேடைக்கு வந்து பரிசு வாங்கிக்கொண்டிருந்தான். இத்தனை பரிசுகளையும் வீட்டுக்குக் கொண்டுபோக ஒரு மாட்டுவண்டி வேண்டியிருக்குமே என்று அதிபர் வேடிக்கையாகச் சொன்னதாக அவரது வாழ்க்கையை எழுதியவர்கள் கூறுவர். அந்த வேடிக்கையோடு விடயம் முடிந்துவிடவில்லை. றிச்மண்ட் கல்லூரியில் தங்கிப் படிப்பதற்கான புலமைப்பரிசில் அந்தச் சிறுவனுக்குக் கிடைத்தது.

அந்தப் புலமைப்பரிசில் என்றால் அன்று என்ன என்பதை விளங்கிக்கொள்ள, அக்காலக் கல்வி முறையைச் சற்றுப் பார்க்க வேண்டும். பிரித்தானியர் காலத்து இலங்கையில் பாடசாலைகள் இரண்டு வகை. சிங்களத்திலும் தமிழிலும் கற்பித்த சுயமொழிப் பாடசாலைகளில் கட்டணம் இல்லை. ஆனால் அங்கே படித்து முடித்தவருக்கு அதற்கு மேல் வழியும் அதிகம் இல்லை. எழுதுவினைஞர் வேலை முதல் வழக்கறிஞர், வைத்தியர் தொழில்வரை எல்லாவற்றுக்கும் ஆங்கிலம் தேவைப்பட்டது. ஆங்கிலப் பாடசாலைகள் கட்டணம் அறவிட்டன. நல்ல ஆங்கிலப் பாடசாலைகள் நகரங்களிலேயே இருந்ததால் கிராமத்துப் பிள்ளைக்கு விடுதிச் செலவும் சேர்ந்தது. ஆகவே ஒரு பிள்ளையின் எதிர்காலத்தைத் தீர்மானித்தது பெரும்பாலும் அவனது தகப்பனின் வருமானமே.

யாழ்ப்பாணத்தாருக்கு இது புதிய கதையல்ல. 1823இல் வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷன் செமினறி தொடங்கியது முதல், ஆங்கிலப் படிப்பையே பெரிய முதலீடாகக் கருதிய சமூகம் இது. தோட்டக்காணியை ஈடுவைத்து மூத்தவனைப் படிப்பித்து, அவன் கொழும்புக்கோ மலாயாவுக்கோ போய் உழைத்து அனுப்பும் காசில் தம்பி, தங்கையரைக் கரைசேர்த்த குடும்பங்கள் ஏராளம். ஈடு வைக்கக் காணி இல்லாதவர்களின் பிள்ளைகளும், சாதியின் பெயரால் பாடசாலை வாசலிலேயே தடுக்கப்பட்ட பிள்ளைகளும் அந்தக் கணக்கில் சேரவே இல்லை.

கன்னங்கரா றிச்மண்டில் திறமையாகப் படித்தார். கேம்பிரிட்ஜ் பரீட்சையில் கணிதத்தில் உயர்ந்த பெறுபேறு பெற்றார். கிரிக்கெட் அணிக்குத் தலைமை தாங்கினார். படிப்பு முடிந்ததும் ஆசிரியராக வேலைபார்த்துக்கொண்டே சட்டம் பயின்றார். அவரைத் தூக்கிவிட்ட அதிபர் டரல் 1906இல், நெருப்புக்காய்ச்சலில் விழுந்த மாணவர்களைப் பராமரித்தபோது தானும் அதே நோய்க்கு ஆளாகி இறந்துபோனார். கட்டணம் செலுத்த முடியாத ஒரு கிராமத்துப் பிள்ளையை இனங்கண்டு ஓர் ஆசிரியர் செய்த உதவியின் பெறுமதியை, கன்னங்கரா தன் வாழ்நாள் முழுவதும் சுமந்தார் என்றே சொல்ல வேண்டும்.

அரசியலுக்குள்

1910இல் புறக்டராகிக் காலியில் தொழில் தொடங்கினார். அடுத்த ஆண்டு, படித்த இலங்கையருக்கென ஒதுக்கப்பட்ட சட்டநிரூபண சபை ஆசனத்துக்கு நடந்த தேர்தலில் சேர் பொன்னம்பலம் இராமநாதனுக்கு ஆதரவாக வேலைசெய்ததே அவரது அரசியலின் ஆரம்பம். சிங்களவரும் தமிழரும் சேர்ந்து ஒரு தமிழரைத் தெரிவுசெய்த காலம் அது. 1915 கலவரத்தின் பின்னர் இராணுவச் சட்டத்தின் கீழ் கைதானவர்களுக்காக நீதிமன்றங்களில் தோன்றினார். 1919இல் சேர் பொன்னம்பலம் அருணாசலத்தைத் தலைவராகக் கொண்டு இலங்கைத் தேசிய காங்கிரஸ் உருவானபோது அதில் இணைந்தார். பின்னாளில் அதன் தலைவராகவும் இருந்தார். 1920களில் தென் மாகாணத்திலிருந்து சட்டநிரூபண சபைக்குச் சென்றார்.

1931இல் டொனமூர் அரசியலமைப்பு சர்வசன வாக்குரிமையைக் கொண்டுவந்தது. காலித் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவான கன்னங்கரா, கல்விக்கான நிர்வாகக் குழுவின் தலைவராகி, இலங்கையின் முதலாவது கல்வி அமைச்சரானார். அதே தேர்தலை யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸின் அழைப்பை ஏற்று வடக்கு பகிஷ்கரித்தது. வடக்கின் நான்கு ஆசனங்கள் 1934வரை வெறுமையாகவே கிடந்தன. முழுச் சுயராச்சியம் வேண்டும் என்ற உயர்ந்த நோக்கத்துடன் எடுத்த முடிவு அது. ஆயினும் நாட்டின் கல்விக் கொள்கைக்கு அடித்தளம் போடப்பட்ட அந்த முதல் ஆண்டுகளில் யாழ்ப்பாணத்தின் குரல் சபையில் இருக்கவில்லை.

1936இல் கன்னங்கரா மத்துகமைத் தொகுதியில் வென்று மீண்டும் கல்வி அமைச்சரானார். அந்த அமைச்சர் சபை முழுவதும் சிங்களவர்களைக் கொண்டு அமைக்கப்பட்டது. தமிழரின் அரசியல் நினைவில் அது ஒரு வடுவாகவே பதிந்தது. கன்னங்கராவும் அதன் ஓர் அங்கம் என்பதை மறைப்பதற்கில்லை. அவர் திறந்துவைத்த கதவால் எங்கள் பிள்ளைகளும் உள்ளே போனார்கள் என்பதும் அதேயளவு உண்மை. இரண்டையும் சேர்த்தே அவரை மதிப்பிட வேண்டும்.

கட்டணத்தை நீக்கிய போராட்டம்

1930களில் அவர் கிராமியக் கல்வித் திட்டமொன்றை முன்னெடுத்தார். ஹந்தெஸ்ஸவில் தொடங்கிய அந்தத் திட்டம் விவசாயம், சுகாதாரம், கைத்தொழில் ஆகியவற்றைப் பாடங்களோடு இணைத்தது. 1939இல் புதிய கல்விச் சட்டம் நிறைவேறியது. 1940இல் கல்வி முறையை முழுமையாக ஆராய அவரது தலைமையில் விசேட குழு அமைக்கப்பட்டது. அதன் அறிக்கை 1943இல் வெளியானது. கல்வி எல்லா நிலைகளிலும் இலவசமாக இருக்க வேண்டும், ஆரம்பக் கல்வி தாய்மொழியில் அமைய வேண்டும் என்பன அதன் முக்கிய சிபாரிசுகள். தாய்மொழிக் கல்வி யாழ்ப்பாணத்தில் ஹன்டி பேரின்பநாயகம் போன்ற வாலிபர் காங்கிரஸ்காரர் ஏற்கெனவே வலியுறுத்தி வந்த விடயம்தான்.

எதிர்ப்பு பல பக்கங்களிலிருந்தும் வந்தது. கட்டணம் அறவிட்டு வந்த பாடசாலைகளின் முகாமையாளர்கள் தமது சுதந்திரம் பறிபோகும் என அஞ்சினர். செலவைத் திறைசேரி தாங்காது என்றனர் சிலர். எல்லோரும் படித்தால் வயலில் இறங்குவதற்கும் தோட்டத்தில் வேலைசெய்வதற்கும் ஆள் கிடைக்காது என்று கவலைப்பட்டனர் வேறு சிலர். அரசாங்க சபையில் நீண்ட விவாதங்கள் நடந்தன. போர்க்காலப் பொருளாதார நெருக்கடியின் நடுவில்தான் இவை அனைத்தும் நடந்தன என்பது கவனிக்கத்தக்கது. நாட்டில் காசு நிறைந்திருந்த காலத்தில் இலவசக் கல்வி வரவில்லை. உணவுப் பங்கீட்டுக் காலத்தில்தான் வந்தது.

1945 ஒக்டோபர் 1 முதல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. பாலர் வகுப்பு முதல் பல்கலைக்கழகம் வரை கட்டணம் இல்லை. இலங்கைப் பல்கலைக்கழகம் அதற்கு மூன்று ஆண்டுகள் முன்னர், 1942இல், 904 மாணவருடன் தொடங்கியிருந்தது. நாடு முழுவதற்கும் அவ்வளவே இடம். அந்த இடங்களுக்குப் போட்டியிடும் உரிமை முதன்முதலாக ஏழைப் பிள்ளைக்கும் கிடைத்தது.

கட்டணத்தை நீக்கினால் மட்டும் போதாது, கிராமத்துக்கு அருகில் நல்ல பாடசாலையும் வேண்டும் என்பதைக் கன்னங்கரா அறிந்திருந்தார். அவரது பதவிக்காலத்தில் 54 மத்திய பாடசாலைகள் கட்டியெழுப்பப்பட்டன. ஆய்வுகூடம், நூலகம், விடுதி ஆகியவற்றோடு அவை அமைந்தன. 5ஆம் வகுப்பில் பரீட்சை வைத்து, திறமையுள்ள கிராமத்துப் பிள்ளைகளுக்கு விடுதி வசதியுடன் புலமைப்பரிசில் கொடுக்கப்பட்டது. றிச்மண்டில் தனக்குக் கிடைத்ததையே அவர் நாட்டுப் பிள்ளைகளுக்கு விரித்துக் கொடுத்தார்.

மட்டக்களப்பு வந்தாறுமூலை மத்திய பாடசாலை அவ்வாறு உருவானதே. படுவான்கரையிலிருந்தும் எழுவான்கரையிலிருந்தும் வந்த விவசாயிகளினதும் மீனவர்களினதும் பிள்ளைகள் அங்கே விடுதியில் தங்கிப் படித்து ஆசிரியர்களாகவும் பேராசிரியர்களாகவும் ஆனார்கள். 1981இல் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கப்பட்டதும் அதே வளாகத்தில்தான். இன்றைய கிழக்குப் பல்கலைக்கழகத்தின் வேர் அங்கே இருக்கிறது.

கதவு திறந்தும் எட்டாதவர்கள்

1947 பொதுத்தேர்தலில் மத்துகமையில் கன்னங்கரா தோற்றார். நாட்டின் பிள்ளைகளுக்குக் கல்வி கொடுத்தவரை அவரது தொகுதி வாக்காளர்கள் இரண்டு ஆண்டுகளுக்குள்ளேயே வீட்டுக்கு அனுப்பினார்கள். பின்னர் இந்தோனேசியாவில் இலங்கையின் இராஜதந்திரப் பிரதிநிதியாகப் பணியாற்றினார். 1952இல் அகலவத்தையில் வென்று உள்ளூராட்சி அமைச்சரானார். 1956உடன் அவரது அமைச்சர் பதவிக்காலம் முடிந்தது. முதுமையில் அவர் செல்வந்தராக இருக்கவில்லை. அவரது சேவைக்காக அரசு கொடுத்த மாதாந்த உதவிப்பணம் அவரது கடைசி ஆண்டுகளில் துணையாக இருந்தது. 1969 செப்டெம்பர் 23 அன்று, 84 வயதில் காலமானார்.

அவர் திறந்த கதவு எல்லோருக்கும் ஒரேயளவு திறக்கவில்லை. மலையகத் தோட்டப் பாடசாலைகள் பல தசாப்தங்களாகத் தோட்ட நிர்வாகங்களின் கையிலேயே இருந்தன. 1970களில்தான் அரசு அவற்றைப் பொறுப்பேற்கத் தொடங்கியது. இலவசக் கல்வியின் முதல் முப்பது ஆண்டுகள் மலையகத் தமிழ்ப் பிள்ளைகளைப் பெருமளவில் தொடாமலே கடந்துபோயின. தாய்மொழிக் கல்வி கிராமத்துப் பிள்ளைக்குப் பெரும் வரம். ஆனால் சிங்களப் பிள்ளையும் தமிழ்ப் பிள்ளையும் ஒரே வகுப்பில் இருக்கும் வாய்ப்பும் அதனுடன் குறைந்தது.

அவர் இறந்து இரண்டு ஆண்டுகளுக்குள், 1971 பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தல் வந்தது. பேராதனையில் மருத்துவபீடத்துக்குச் சிங்கள மொழிமூல மாணவருக்கு 229 புள்ளிகள் போதுமாக இருக்க, தமிழ் மொழிமூல மாணவருக்கு 250 புள்ளிகள் தேவைப்பட்டன. கட்டணம் இல்லாத கல்விக்கு மொழியின் பெயரால் இன்னொரு விலை குறிக்கப்பட்டது. அந்த விலையைக் கொடுக்க முடியாத இளைஞர்களின் கோபம் எங்கே கொண்டுபோய்விட்டது என்பதை இந்தக் கட்டுரையின் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பின்னர் வந்த மாவட்ட அடிப்படையிலான முறை மன்னார், வவுனியா, முல்லைத்தீவு, மட்டக்களப்பு போன்ற பின்தங்கிய மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு வழிவிட்டது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். இன்று வன்னியிலிருந்து மருத்துவபீடம் செல்லும் பிள்ளைகள் பலர் அந்த வழியால் போகிறவர்களே.

போரின் முப்பது ஆண்டுகளிலும் இந்தக் கல்விமுறை முழுமையாக அறுந்துவிடவில்லை. 1995 இடப்பெயர்வின் பின்னர் மரங்களின் கீழே வகுப்புகள் நடந்தன. மண்ணெண்ணெய் விளக்கில் பிள்ளைகள் படித்தனர். சம்பளம் ஒழுங்காக வராத மாதங்களிலும் ஆசிரியர்கள் இடம்பெயர்ந்த பிள்ளைகளோடு சேர்ந்து நடந்தனர். 2009 ஓகஸ்டில் மெனிக்பாம் முகாமுக்குள்ளிருந்து பிள்ளைகள் புலமைப்பரிசில் பரீட்சையும் உயர்தரப் பரீட்சையும் எழுதினார்கள். மூன்று மாதங்களுக்கு முன்னர் அவர்கள் எங்கிருந்தார்கள் என்பதை நினைத்துப் பார்த்தால், படிப்பு எங்கள் சமூகத்துக்கு என்ன பெறுமதி என்ற கேள்விக்கு ஒரு பதில் கிடைக்கும்.

இன்றைய கணக்கு

கன்னங்கரா நீக்கியது பாடசாலைக் கட்டணத்தை. அது வேறு பெயர்களில் திரும்பி வந்துவிட்டது. 5ஆம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சை ஏழைப் பிள்ளையைத் தெரிந்தெடுக்க உருவானது. இன்று அதற்கே மூன்றாம் வகுப்பிலிருந்து ரியூசன் காசு கட்டுகிறோம். உயர்தர விஞ்ஞான, கணிதப் பிரிவுகளில் தனியார் வகுப்புக்குப் போகாத பிள்ளையைக் காண்பது அரிது. கல்வி நிலையங்கள் நகரங்களில் இருப்பதால் முல்லைத்தீவுக் கிராமத்துப் பிள்ளை யாழ்ப்பாணத்தில் அறை எடுத்துத் தங்க வேண்டியிருக்கிறது. ஆங்கிலப் பாடசாலைக்காகக் காலியில் விடுதி தேடிய காலத்துக்கே நாங்கள் திரும்பிப் போயிருக்கிறோம்.

உயர்தரத்தில் பல்கலைக்கழகத் தகுதி பெறுவோரில் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கே அரச பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்கிறது. இடம் கிடைத்தவருக்கு விரிவுரைக் கட்டணம் இல்லை. ஆனால் சாப்பாடு, அறை, போக்குவரத்து, மடிக்கணினி எல்லாம் வீட்டுச் செலவு. பல ஆண்டுகளாக 5,000 ரூபாவாக இருந்த மகாபொல உதவித்தொகை 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பின்னர் ஒரு வாரச் சாப்பாட்டுக்கே போதாமல் போனது. இடம் கிடைக்காத மூவருக்கு முன்னால் தனியார் பட்டப்படிப்பு விளம்பரங்கள் நிற்கின்றன. ஏற்கெனவே நுண்கடன் தவணையில் மூச்சுத்திணறும் குடும்பங்கள் அதற்காக இன்னொரு கடனை எடுக்கின்றன.

பட்டம் பெற்றால் வேலை நிச்சயம் என்பதும் இன்று இல்லை. 2017இல் யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் வேலையற்ற பட்டதாரிகள் மாதக்கணக்கில் வீதியோரத்தில் உட்கார்ந்து போராடியதை நாம் கண்டோம்.

அப்படியானால் படிப்பு பெறுமதியற்றதா? இல்லை. ஆனால் எந்தப் படிப்பு, எவ்வளவு விலைக்கு என்று கேட்க வேண்டிய காலம் இது. அரச பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்த பிள்ளையை, செலவுக்குப் பயந்து மறிப்பது பெரிய இழப்பு. அந்தச் செலவுக்குக் கடன் தேவைப்பட்டால், பழைய மாணவர் சங்கங்களும் புலம்பெயர்ந்த உறவுகளும் முதலில் கைகொடுக்க வேண்டிய இடம் அதுதான். கோவில் கோபுரத்துக்கும் பாடசாலை வளைவுக்கும் போகும் காசில் ஒரு பங்கு, ஒரு பிள்ளையின் நான்கு ஆண்டு அறை வாடகைக்குப் போதும். அதேவேளை, காணியை விற்று வாங்கும் தனியார் பட்டத்தைப் பற்றி இரண்டு தடவை விசாரிக்க வேண்டும். அந்தப் பட்டத்தைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஏற்கிறதா, முன்னர் அங்கே படித்தவர்கள் இப்போது என்ன செய்கிறார்கள், இடையில் நிறுத்தினால் கட்டிய காசு என்னவாகும் என்று கேட்டறிய வேண்டும். தொழில்நுட்பக் கல்லூரி, தேசிய கல்வியியற் கல்லூரி, தாதியர் பயிற்சி, என்.வி.கியூ. சான்றிதழ் ஆகியன பட்டத்துக்குத் தாழ்ந்தவை என்ற எண்ணம் எங்களிடையே இன்னும் இருக்கிறது. அந்த எண்ணத்துக்காகவும் நாங்கள் வட்டி கட்டுகிறோம். கல்வியைக் கிராமத்து வாழ்வோடும் தொழிலோடும் இணைக்க வேண்டும் என்பது கன்னங்கராவின் முதல் திட்டமாக இருந்தது என்பதை இங்கே நினைத்துப் பார்க்கலாம்.

இலவசக் கல்வி எல்லா ஏற்றத்தாழ்வையும் ஒழித்துவிடவில்லை. ஆனால் அது இல்லாதிருந்தால் போருக்குப் பின்னர் வன்னியில் ஒரு தலைமுறையே எழுந்திருக்க முடியாது. கிளிநொச்சி அறிவியல் நகரில் பொறியியல் பீடம் இருக்கிறது. வவுனியா 2021இல் தனிப் பல்கலைக்கழகமானது. அவற்றின் வகுப்பறைகளில் இருக்கும் பிள்ளைகளில் பலர், மெனிக்பாம் கூடாரங்களில் சிறுபிள்ளைகளாக இருந்தவர்கள்.

அம்பலாங்கொடைச் சிறுவனை ஓர் அதிபர் பரிசளிப்பு மேடையில் கண்டுகொண்டார். அவர் அன்று வராமலிருந்தால் அந்தச் சிறுவன் கிராமத்திலேயே நின்றிருப்பான். அடுத்த பெறுபேறு வரும்போது எங்கள் ஊரில் எந்தப் பிள்ளை காசில்லாமல் நின்றுபோகிறது என்று பாடசாலையிலும் கிராம அலுவலரிடமும் கேட்டறிவதற்கு யாரும் அதிபராக இருக்கத் தேவையில்லை.